பந்தும் பெட்டியும் – 9: காலடியில் விழுந்த நிழல்

1986 ஜூன் 22 அன்று மெக்ஸிகோ நகரின் அஸ்டெகா அரங்கில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதிய கால் இறுதியின் ஒளிப்பதிவை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மரடோனாவின் கை பந்தைத் தட்டியதையும், நான்கு நிமிடம் கழித்து அவர் ஒற்றை ஆளாகப் பாதி மைதானத்தைக் கடந்து போட்ட கோலையும் பலமுறை பார்த்திருப்போம். இந்த முறை அவரை விட்டுவிட்டுப் புல்தரையைக் கவனியுங்கள். நடுவட்டத்தருகே பெரிய சிலந்தி ஒன்று கால்களைப் பரப்பிப் படுத்திருப்பதுபோல் ஒரு கறுப்பு நிழல் கிடக்கும். மைதானத்துக்கு மேலே கம்பிகளில் தொங்கவிட்டிருந்த ஒலிபெருக்கித் தொகுதியின் நிழல் அது. மேலே தொங்குவதன் நிழல் ஏறக்குறைய நேர் கீழே விழுகிறதென்றால் சூரியன் எங்கே இருந்திருக்கும்? ஆட்டக்காரர்களின் நிழலைத் தேடினாலும் அவர்கள் பூட்ஸைச் சுற்றிச் சின்னத் திட்டாகத்தான் அகப்படும்.

ஆட்டம் தொடங்கியது பகல் 12 மணிக்கு. மெக்ஸிகோ நகரம் இருப்பது கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டரில், அதாவது ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரத்தில். புழுங்கி வேகும் ஊர் இல்லை. ஆனால் அந்த உயரத்தில் ஓடினால் மூச்சு சீக்கிரம் வாங்கும். மெல்லிய காற்றை ஊடுருவி வரும் வெயில் ஊசியாய்க் குத்தும். அங்கே உச்சிப்பொழுதில் 90 நிமிடம் ஓடச் சொன்னது யார்? இந்த இதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். அதற்கு முதலில் பொகோட்டாவுக்கும், பிறகு ஸ்டாக்ஹோமுக்கும் போய்வர வேண்டும்.

சத்திரம் பிடித்தவர் கைவிரித்தார்

1986 உலகக் கோப்பையை நடத்த முதலில் ஒப்புக்கொண்ட நாடு மெக்ஸிகோ அல்ல, கொலம்பியா. 1974 ஜூனில் அந்த உரிமை கொலம்பியாவுக்குக் கிடைத்தது. அப்போது உலகக் கோப்பை என்றால் 16 அணிகள், 38 ஆட்டங்கள். அதே ஜூனில்தான் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நடந்த தேர்தலில் இங்கிலாந்தின் ஸ்டான்லி ரௌஸைத் தோற்கடித்து, பிரேசிலின் ஜோவா ஹாவெலாஞ்ச் ஃபிஃபாவின் தலைவரானார். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கூடுதல் இடம் தருவதாகச் சொல்லி வாக்குக் கேட்டவர் அவர். சொன்னபடியே 1982-இல் அணிகள் 24 ஆயின. ஆட்டங்கள் 52 ஆயின. இருநூறு பேர் என்று சொல்லிச் சத்திரம் பிடிக்கச் செய்துவிட்டு, முகூர்த்தம் நெருங்கும்போது பந்திக்கு முந்நூறு பேர் என்றால் பெண்வீட்டார் நிலை என்ன? கொலம்பியா அந்த நிலையில் நின்றது.

ஃபிஃபா நீட்டிய பட்டியலும் சாதாரணமானதல்ல. முதல் சுற்றுக்குக் குறைந்தது 40,000 பேர் அமரும் 12 அரங்குகள், அடுத்த சுற்றுக்கு 60,000 பேருக்கு நான்கு, தொடக்க ஆட்டத்துக்கும் இறுதி ஆட்டத்துக்கும் 80,000 பேருக்கு இரண்டு. பொகோட்டாவில் ஒரு தகவல் தொடர்புக் கோபுரம். போட்டி ஆண்டின் முதல் நாளிலிருந்தே விடுதி வாடகையை உயராமல் நிறுத்திவைக்கும் அரசாணை. ஆட்டம் நடக்கும் ஊர்களுக்கெல்லாம் ரயிலும் சாலையும் விமான நிலையமும். பந்தைப் பற்றி இருந்ததைவிட, பந்தைப் பார்க்க வருபவர்களையும் படம்பிடிக்க வருபவர்களையும் பற்றித்தான் அந்தப் பட்டியலில் அதிகம் இருந்தது.

1982 ஆகஸ்டில் கொலம்பியாவின் அதிபராகப் பொறுப்பேற்ற பெலிசாரியோ பெட்டான்கூர், அக்டோபர் 25 அன்று நாட்டு மக்களிடம் பேசினார். கொலம்பியா உலகக் கோப்பையை நடத்தாது என்று அறிவித்தார். ஃபிஃபாவின் ஆடம்பரங்களுக்குத் தர நேரமில்லை, நாட்டில் செய்ய வேறு வேலைகள் கிடக்கின்றன என்பது அவர் பேச்சின் சாரம். அதற்கு நான்கு நாள் முன்புதான் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. உலகத்தின் முன் நாம் இழக்கும் பெயரை மார்க்கேஸ் முழுதும் ஈடு செய்துவிட்டார் என்றும் அதிபர் சேர்த்துக்கொண்டார். கையில் வந்த உலகக் கோப்பையை வேண்டாம் என்று ஒரு நாடு திருப்பிக் கொடுத்தது.

அரங்கும் அவருடையது, அலைவரிசையும் அவருடையது

போட்டிக்கு மூன்றரை ஆண்டுகளே இருந்தன. புதிதாகக் கட்ட நேரமில்லை. எல்லாம் தயாராக இருக்கும் நாடு வேண்டும். பிரேசில் அரசு ஆர்வம் காட்டாமல் ஒதுங்கியது. அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ ஆகிய மூன்றும் களத்தில் நின்றன. 1983 மே 20 அன்று ஸ்டாக்ஹோமில் ஃபிஃபாவின் செயற்குழு கூடியது. அமெரிக்காவுக்காக முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸிங்ஜரே வந்து வாதாடினார். நீண்ட விளக்கம், பெரிய பெரிய அரங்குகள், பெரிய சந்தை. மெக்ஸிகோ தன் தரப்பைச் சில நிமிடங்களில் சொல்லி முடித்தது. முடிவு ஒருமனதாக மெக்ஸிகோவுக்குப் போனது.

அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் இருந்தவர்களைத் தெரிந்துகொண்டால், நிழலின் கதை பாதி விளங்கிவிடும். ஒருவர் எமிலியோ அஸ்காராகா மில்மோ. ‘எல் டீக்ரே’, புலி, என்று அவருக்குப் பட்டப்பெயர். மெக்ஸிகோவின் தொலைக்காட்சியை ஏறக்குறைய தனியாளாகக் கையில் வைத்திருந்த டெலிவிசா நிறுவனம் அவருடையது. அஸ்டெகா அரங்கும், அதைச் சொந்த மைதானமாகக் கொண்ட அமெரிக்கா கிளப்பும் அதே குடும்பத்தின் சொத்துகள். இன்னொருவர் கியெர்மோ கன்யேடோ. டெலிவிசாவில் உயர் பொறுப்பில் இருந்த அவர் ஃபிஃபாவின் துணைத் தலைவர்களில் ஒருவர். 1986 போட்டியின் ஏற்பாட்டுக் குழுவுக்கும் அவரே தலைவர். ஆட்டத்தை நடத்துகிறவர், அது நடக்கும் அரங்கின் உரிமையாளர், அதைப் படம்பிடித்து உலகுக்கு அனுப்புகிறவர் என மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பேரம் பேசவேண்டிய இடத்தில், மெக்ஸிகோவில் மூன்று நாற்காலியிலும் ஒரே வீட்டார் அமர்ந்திருந்தார்கள்.

அஸ்டெகாவுக்கு இது புதிதுமல்ல. 1966 மே மாதம் திறக்கப்பட்ட அந்த அரங்கு 1970 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தைக் கண்டது. ஆட்டங்கள் செயற்கைக்கோள் வழியாக வண்ணத்தில் உலகெங்கும் போன முதல் உலகக் கோப்பை அது என்பதை ஆறாம் அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த ஆண்டே ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் பகல் 12 மணிக்குத்தான் தொடங்கின. ஆனால் வார நாட்களில் மாலை 4 மணிக்கு ஆடினார்கள். 1970-இல் ஞாயிற்றுக்கிழமை விதிவிலக்காக இருந்தது 1986-இல் அன்றாட வழக்கமானது.

நிலம் ஆடிய காலை

1985 செப்டம்பர் 19 காலை, ஏழே கால் மணியைத் தாண்டிய சிறிது நேரத்தில், மெக்ஸிகோ நகரம் குலுங்கியது. ரிக்டர் அளவில் 8-ஐத் தொட்ட நிலநடுக்கம். டெலிவிசாவின் காலை நிகழ்ச்சி நேரலையில் ஓடிக்கொண்டிருந்தபோதே ஒளிபரப்பு அறுந்தது. சப்புல்டெபெக் சாலையிலிருந்த நிலையத்தின் கட்டடங்களில் ஒரு பகுதி சரிந்தது. நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அரசு இயந்திரம் தடுமாறி நின்றபோது, அண்டை அயலார் கடப்பாரையும் வாளியுமாக இடிபாடுகளுக்குள் இறங்கி உயிரோடு இருந்தவர்களை வெளியே இழுத்தார்கள்.

போட்டிக்கு எட்டு மாதமே பாக்கி. உலகக் கோப்பை நடக்குமா என்ற கேள்வி எழுந்தது. அரங்குகளுக்குப் பெரிய சேதமில்லை என்று தெரிந்ததும் அந்தக் கேள்வி அடங்கிவிட்டது. வீடிழந்தவர்களின் கோபம் அடங்கவில்லை. 1986 மே 31 அன்று அஸ்டெகாவில் தொடக்க விழா. அதிபர் மிகெல் தெ லா மாட்ரிட் பேச எழுந்ததும் அரங்கு முழுக்கச் சீழ்க்கையும் கூச்சலும் கிளம்பின. அவர் பேச்சு அதில் மூழ்கிப்போனது. நாட்டின் மீட்சியைக் காட்டத்தான் அந்த விழா நேரலையில் போனது. அதே செயற்கைக்கோள் மக்களின் சீழ்க்கையையும் சுமந்து போனது.

தொழில்நுட்பமும் முதல் நாட்களில் காலை வாரியது. படம் போய்ச் சேர்ந்த நாடுகள் சிலவற்றுக்கு வர்ணனையாளரின் குரல் போய்ச் சேரவில்லை. ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் பிரேசிலின் தேசிய கீதத்துக்குப் பதிலாக அந்நாட்டுக் கொடிப் பாடல் ஒலித்தது. சில நாட்களில் இவை சரியாயின. சரியாகாத ஒன்று, ஆட்டம் தொடங்கும் நேரம்.

12 மணியும் 4 மணியும்

1986-இன் 52 ஆட்டங்களும் இரண்டே நேரங்களில் தொடங்கின: பகல் 12, மாலை 4. மெக்ஸிகோவில் 12 அடிக்கும்போது லண்டனில் இரவு 7, பாரிஸிலும் ரோமிலும் ஃப்ராங்க்ஃபர்ட்டிலும் இரவு 8. வேலை முடிந்து, சாப்பிட்டு, குடும்பத்தோடு உட்காரும் வேளை. மாலை 4 மணி ஆட்டமோ லண்டனில் இரவு 11-க்கும், ஐரோப்பாவின் மற்றப் பெரிய நகரங்களில் நள்ளிரவுக்கும் தொடங்கும். அதையும் தாண்டி, உள்ளூர்க்காரர்களுக்கு வசதியாக இரவு 8 மணிக்கு வைத்தால் ஐரோப்பாவில் விடியற்காலை 4 மணியாகிவிடும். ஒளிபரப்புக் கட்டணத்தில் பெரும்பங்கு வந்தது ஐரோப்பாவிலிருந்து. மைதானத்தின் ஓரத்தில் நின்ற விளம்பரப் பலகைகளுக்கும் அதுவே கணக்கு. அடிடாஸின் ஹார்ஸ்ட் டாஸ்லர், ஜப்பானின் டென்ட்சு நிறுவனத்தோடு சேர்ந்து 1982-இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்., அந்தப் பலகைகளை உலகின் பெரிய நிறுவனங்களுக்கு விற்றது. பலகையின் விலையை அரங்கில் அமர்ந்த லட்சம் பேர் தீர்மானிக்கவில்லை; வீட்டில் அமர்ந்த கோடிக்கணக்கானோர் தீர்மானித்தார்கள். உறங்குகிறவரிடம் விளம்பரம் செல்லாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மெக்ஸிகோ லீகில் ஞாயிறு மதிய ஆட்டம் பழைய பழக்கம். டொலூகா போன்ற கிளப்புகள் அந்த நேரத்துக்குப் பேர்போனவை. ஜூன் அங்கே மழைக்காலம். மாலையில் இடி மின்னலோடு கொட்டும். பியூப்லாவில் மாலை 4 மணிக்குத் தொடங்கிய அர்ஜென்டினா–உருகுவே ஆட்டத்தின் பிற்பகுதி கனமழையில்தான் நடந்தது. நண்பகல் ஆட்டத்துக்கு ஆதரவாகப் பேசியவர்களிடம் இந்த நியாயங்கள் இருந்தன. ஆனால் அந்த உயரத்திலேயே வளர்ந்து, வாரத்துக்கு ஒருமுறை அங்கே ஆடுகிற கிளப்புக்காரரின் உடம்பு வேறு. டென்மார்க்கிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்து, மூன்று நாலு நாட்களுக்கு ஒருமுறை அதே வெயிலில் இறங்குகிறவரின் உடம்பு வேறு.

அர்ஜென்டினா கோப்பை வெல்ல ஆடிய ஏழு ஆட்டங்களில் ஐந்து நண்பகலில் தொடங்கியவை. மரடோனாவும் அவரது சக ஆட்டக்காரர் ஹோர்ஹே வால்டானோவும் இந்த நேரத்தை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். ஆட வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு ஆடட்டும் என்பதாகவே இருந்தது ஹாவெலாஞ்சின் பதில். ஜூன் 21 அன்று குவாடலஹாராவில் பிரேசிலும் பிரான்ஸும் நண்பகலில் தொடங்கிய கால் இறுதி 90 நிமிடத்தில் முடியவில்லை. கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடம் ஆடியும் 1–1. பிறகு பெனால்டி. ஸோக்ரடீஸ் அடித்ததைக் கோல்காப்பாளர் தடுத்தார். பிளாட்டினி அடித்தது கம்பத்துக்கு மேலே பறந்தது. ஒரு தலைமுறையின் மிகத் தேர்ந்த இரண்டு கால்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வெயில் உறிஞ்சிய பிறகு அடித்த பந்துகள் அவை.

போட்டியை நடத்திய நாட்டின் ரசிகர்களுக்கும் இதில் சலுகை இல்லை. மெக்ஸிகோ அணியின் குழு ஆட்டங்கள் மூன்றுமே நண்பகலில். பெல்ஜியத்தோடு ஆடியது செவ்வாய்க்கிழமை, இராக்கோடு ஆடியது புதன்கிழமை. அலுவலகமும் பள்ளியும் இருந்த நாட்கள். கல்யாணம் அவர்கள் வீட்டில். முகூர்த்தம் குறித்தது வேறு கண்டத்தில். ஐரோப்பாவிலும் எல்லோருக்கும் வாய்த்துவிடவில்லை. இங்கிலாந்தின் குழு ஆட்டங்கள் மூன்றும் மான்டெரேயில் மாலை 4 மணிக்கு அமைந்ததால், அந்நாட்டு ரசிகர்கள் இரவு 11 மணிவரை கண்விழித்துக் காத்திருந்தார்கள்.

நம் ஊர்க் கணக்கையும் இங்கேயே குறித்துவிடுவோம். மெக்ஸிகோவின் நண்பகல் இந்தியாவில் இரவு 11.30, மாலை 4 மணி என்பது மறுநாள் அதிகாலை 3.30. தூர்தர்ஷன் வழியாக அந்த உலகக் கோப்பையைப் பார்த்த தமிழர்களுக்கு மரடோனா அறிமுகமானது ஊரடங்கிய பிறகுதான். நம்மை எண்ணி யாரும் அந்த நேரத்தை வைக்கவில்லை. ஐரோப்பாவுக்கு விரித்த பந்தியின் கடைசி வரிசையில் நமக்கும் இலை விழுந்தது.

ஹிஹோனின் கடன்

இதுவரை சொன்னதை வைத்துத் தொலைக்காட்சியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதே 1986-இல், நேர அட்டவணையில் இன்னொரு மாற்றமும் வந்தது. அதற்கும் காரணம் தொலைக்காட்சிதான்.

சென்ற அத்தியாயத்தில் ஹிஹோன் நகரை விட்டு வந்தோம். 1982 ஜூன் 25. முதல் நாளே அல்ஜீரியா சிலியை 3–2 என்று வென்று தன் ஆட்டங்களை முடித்துவிட்டது. அதற்கு முன் மேற்கு ஜெர்மனியையும் தோற்கடித்திருந்தது. மறுநாள் மேற்கு ஜெர்மனி ஆஸ்திரியாவை ஒரு கோலிலோ இரண்டு கோலிலோ வென்றால் அந்த இருவரும் அடுத்த சுற்றுக்குப் போவார்கள், அல்ஜீரியா வீடு திரும்பும். களத்தில் இறங்கும்போதே 22 பேருக்கும் கணக்கு தெரியும். 10-ஆவது நிமிடத்தில் மேற்கு ஜெர்மனியின் ஹ்ருபெஷ் கோல் போட்டார். சிறிது நேரத்தில் ஆட்டம் ஆறிப்போனது. பந்தை இவர்கள் பின்னுக்குத் தள்ள, அவர்கள் பின்னுக்குத் தள்ள, பொழுது போனது. அரங்கில் அல்ஜீரிய ரசிகர்கள் பணத்தாள்களை ஆட்டிக் காட்டினார்கள். ஆஸ்திரியாவின் வர்ணனையாளர், தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள் என்று தன் நேயர்களிடமே சொன்னார். விதி எதையும் யாரும் மீறவில்லை என்று சொல்லி, அல்ஜீரியாவின் முறையீட்டை ஃபிஃபா தள்ளுபடி செய்தது.

நான்கு ஆண்டு முன்பும் இதே ஓட்டை திறந்து கிடந்தது. 1978 ஜூன் 21 அன்று பிரேசில் தன் ஆட்டத்தை முதலில் முடித்தது. எத்தனை கோல் தேவை என்று தெரிந்துகொண்டே அர்ஜென்டினா இரவில் பெருவைச் சந்தித்தது. நான்கு கோல் வித்தியாசம் தேவைப்பட்ட இடத்தில் ஆறு கோல் போட்டது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனி நேரம், ஒவ்வொன்றையும் தனித்தனியே விற்கலாம் என்பது ஒளிபரப்புக்கு இனித்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைத்தான் ஹிஹோன் அம்பலப்படுத்தியது. நேரலையில் பல நாட்டு மக்கள் பார்த்துவிட்ட ஒன்றை, அறிக்கை எழுதி மூடிமறைக்க முடியவில்லை.

1986-இல் உலகக் கோப்பைக்குப் புது விதி வந்தது: ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஆறு குழுக்கள், ஆறு ஜோடி ஆட்டங்கள். ஒரு அலைவரிசை ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நேரலையில் காட்ட முடியும் என்பதால், ஜோடிக்கு ஒன்று விற்பனைக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டார்கள். ஜூன் 11 அன்று மாலை 4 மணிக்கு மான்டெரேயில் இங்கிலாந்தும் போலந்தும், குவாடலஹாராவில் மொராக்கோவும் போர்ச்சுகலும் ஒரே நேரத்தில் களமிறங்கின. இங்கே இங்கிலாந்தின் லினேக்கர் மூன்று கோல் போட, அங்கே மொராக்கோ 3–1 என்று வென்று குழுவில் முதலிடம் பிடித்தது. குழுச் சுற்றைத் தாண்டிய முதல் ஆப்பிரிக்க நாடு மொராக்கோ. பக்கத்து நாடான அல்ஜீரியாவை வெளியே தள்ளிய கணக்கு, இந்த முறை யார் கையிலும் முன்கூட்டியே இல்லை.

ஓட்டை முழுதும் அடைபட்டதா? இல்லை. மூன்றாம் இடம் பிடித்த ஆறு அணிகளில் நான்குக்கும் அடுத்த சுற்றில் இடம் உண்டு என்று அந்த ஆண்டு வைத்திருந்தார்கள். கடைசியாக முடியும் குழுவுக்கு, மற்றக் குழுக்களின் மூன்றாம் இடக் கணக்கு கையில் இருக்கும். ஜூன் 13 அன்று ஸ்காட்லாந்தைச் சந்தித்த உருகுவேக்கு டிரா போதும் என்று தெரியும். முதல் நிமிடத்திலேயே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியும், மீதிப் பத்துப் பேர் 0–0 என்று இழுத்துப் பிடித்து முன்னேறினார்கள்.

சாப்பாட்டு வேளை

ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. இறுதி ஆட்டமும் பகல் 12 மணிக்கே. அஸ்டெகாவில் 1,14,600 பேர். அர்ஜென்டினா இரண்டு கோல் முன்னிலை பெற, மேற்கு ஜெர்மனி இரண்டையும் திருப்பிக் கொடுக்க, 84-ஆவது நிமிடத்தில் மரடோனா தட்டிவிட்ட பந்தோடு புருச்சாகா தனியே ஓடி மூன்றாவது கோலைப் போட்டார். 3–2. நடுவர் கடைசி விசிலை ஊதியபோது ஜெர்மனியில் இரவு 10 மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டியை அணைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். சென்னையில் நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. மெக்ஸிகோ நகரத்தில் மணி இன்னும் இரண்டு ஆகவில்லை. அரங்கை விட்டு வெளியே வந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வீடு போனார்கள்.

(தொடரும்)

அடுத்த இதழில்: ஸ்டாக்ஹோமில் தோற்ற அமெரிக்காவுக்கு 1994-இல் வாய்ப்பு வருகிறது. பசடீனாவின் ரோஸ் பௌல் அரங்கில் இறுதி ஆட்டம் தொடங்கும் நேரம், பகல் 12.30.